முதல் கூடார இரவு: பெங்களூரில் இருந்து கிளம்பும் முன் எதை எந்த வரிசையில் செய்வது

"டென்ட் வாங்கியாச்சு சார், எங்க போடலாம்?"

பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் ஆட்கள் வருகிறார்கள். அல்சூரில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள நாலைந்து குடும்பங்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை வெளியே போய்க் கூடாரத்தில் ஓர் இரவு தங்குவோம். ஒவ்வொரு தடவையும் புதுக் குடும்பம் ஒன்றாவது சேரும். அவர்கள் தடுக்கி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். கூடாரம் வாங்குவது இந்த வரிசையில் ஏழாவது வேலை.

மூன்று வாரம் கையில் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவெடுத்து சனிக்கிழமை காலை கிளம்புகிறவர்களுக்கு இது உதவாது.

1. எந்தப் பூங்கா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பூங்கா என்றாலும் பார்க் என்றாலும் இந்த ஊரில் நாலு வகை இடம் அதற்குள் வந்துவிடும். நாலுக்கும் விதிகள் வேறு.

முதலாவது, ஊருக்குள் இருப்பவை. கப்பன் பார்க்கும் லால்பாகும் தோட்டக்கலைத் துறையிடம், தெருமுனைப் பூங்காக்கள் மாநகராட்சியிடம். இவை எதிலும் ராத்திரி தங்க முடியாது. "லால்பாக் 240 ஏக்கராச்சே, ஒரு மூலையில படுத்தா யாருக்குத் தெரியும்?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். காவலாளிக்குத் தெரியும். அவர் வேலையே அதுதான். ஆனால் இந்தப் பூங்காக்களுக்கு வேறு ஒரு பயன் உண்டு, ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

இரண்டாவது, மலைகள். நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். மேலே அறை எடுத்துத் தங்கலாம், கூடாரம் போட முடியாது. "நந்தி கேம்பிங்" என்று விளம்பரத்தில் பார்ப்பதெல்லாம் மலையடிவாரத்துத் தனியார் நிலங்கள். ஸ்கந்தகிரி, மாகளிதுர்கா போன்ற இடங்களுக்கு வனத்துறை தரும் மலையேற்றச் சீட்டு ஏறி இறங்குவதற்கு மட்டும்தான். சீட்டு கையில் இருக்கிறதே என்று உச்சியில் படுக்கை விரிக்கக் கூடாது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

மூன்றாவது, காட்டுக்குள்ளும் காட்டோரமும் கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் முகாம்கள். காவிரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே. இரண்டும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஊருக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றால் பன்னேர்கட்டா. அங்கே கூடாரம் அவர்களுடையது, கட்டில் மெத்தையும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. செலவு கூடத்தான். இருந்தாலும் வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நாலாவது, கனகபுரா, ராமநகரம், மாகடி, சிக்கபள்ளாபுரம் பக்கமுள்ள தனியார் தோட்டங்கள். சொந்தக் கூடாரம் அடித்து, சொந்தமாகச் சமைத்து, சொந்தமாகத் தவறு செய்ய ஆசைப்பட்டால் இதுதான் இடம்.

இதைத் தீர்மானிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கீழே வரும் அத்தனையும், எடுத்துப்போகும் சாமான் வரைக்கும், இதைப் பொறுத்தே மாறும்.

2. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

எங்கள் முதல் பயணம் ஓர் ஏரிக்கரை. ஊர்க்காரர் ஒருவர் "தாராளமா தங்குங்க" என்று சொன்னதை நம்பி மூன்று கூடாரம் அடித்து, சப்பாத்தி சுட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்தாயிற்று. ஒன்பதரை மணிக்கு ஒரு டார்ச் வெளிச்சம் கரைமேல் நடந்து வந்தது. "பர்மிஷன் லெட்டர் இதியா, சார்?" இல்லை. "இல்லி டென்ட் ஹாகோ ஹாகில்ல." இங்கே கூடாரம் போடக் கூடாதாம். மனிதர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. நாங்கள் மூட்டை கட்டும் வரை டார்ச்சை அடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார், அவ்வளவுதான். தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று.

"தங்கலாம்" என்று சொன்னவர் அந்த நிலத்துக்கு உரியவரா என்று யாரும் கேட்கவில்லை. தப்பு எங்களுடையது.

காட்டுப் பகுதியில் இது இன்னும் கடுமை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். அரசு முகாமானால் இணையத்தில் பதிவு செய்து, அந்தச் சீட்டைத் தாளில் அச்செடுங்கள். பல முகாம்களுக்குப் போய்ச் சேரும் முன்பே போனில் சிக்னல் போய்விடும். சோதனைச் சாவடியில் நின்று மின்னஞ்சல் திறக்குமா என்று போனைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர்களை எல்லாத் தடவையும் பார்க்கிறேன். ஆதார் அட்டையை எல்லாரும் கையில் வைத்திருங்கள்.

தனியார் தோட்டமானால் சொந்தக்காரரிடமே பேசுங்கள். கழிப்பறை உண்டா, ராத்திரி ஆள் யாராவது இருப்பார்களா, நெருப்பு மூட்டலாமா, கார் எதுவரை வரும், யானை வருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "இருக்கு" என்பார்கள். குடிக்கும் தண்ணீரா, போர் தண்ணீரா, மாட்டுத் தொட்டியா என்பது இரண்டாவது கேள்வியில்தான் வெளிவரும். பேசி முடித்ததும் "இத்தனை பேர், இந்தத் தேதி, இத்தனை கூடாரம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு வார்த்தை பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. தேதியை வானம் பார்த்துக் குறியுங்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் புதியவர்களுக்கு ஏற்ற காலம். மழை குறைவு, கொசு குறைவு. ஊருக்குள் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். வெட்டவெளியில் அதைவிடக் குளிரும்.

மார்ச்சுக்கு மேல் காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம், பல இடங்களை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் காற்றோடு இடிமழை வரும். அது கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. காவிரிப் பள்ளத்தாக்கு பெங்களூரைவிட நன்றாகத் தாழ்ந்த இடம் என்பதால் அந்த மாதங்களில் அங்கே வெக்கை வேறு. செப்டம்பர், அக்டோபரில் போனால் நனைவது உறுதி. பள்ளி லீவு அப்போதுதானே வருகிறது என்றால், முகாமில் கட்டிய கூரை உள்ள இடமாகப் பாருங்கள்.

இடி மின்னலுக்கு புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தாமினி செயலியைப் போனில் இறக்கி வையுங்கள். பக்கத்தில் மின்னல் விழும் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். சாவனதுர்கா மாதிரி மொட்டைப் பாறைகளுக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயம்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வரும் வாரங்களைத் தவிருங்கள். ஹெப்பால் மேம்பாலத்திலேயே பாதிப் பொழுது போய்விடும்.

4. தலை எண்ணிக்கை, ஆளுக்கொரு வேலை

முதல் தடவை எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். "என் தங்கச்சி வீட்டுக்காரரும் வர்றாராம்" என்று கடைசி இரண்டு நாளில் வரும் போன்தான் தண்ணீர்க் கணக்கையும் கூடாரக் கணக்கையும் உடைக்கும். ஒரு வாரத்துக்கு முன்பே பட்டியலை மூடிவிடுங்கள், வருத்தப்பட்டால் அடுத்த தடவை அழைத்துப்போகலாம்.

வேலையைப் பேர் சொல்லிப் பிரியுங்கள். கூடாரம் ஒருவர், அடுப்பு ஒருவர், தண்ணீர் ஒருவர், மருந்துப் பெட்டி ஒருவர். எல்லாரும் எல்லாம் பார்ப்போம் என்றால் தீப்பெட்டியை யாரும் எடுத்து வரமாட்டார்கள்.

5. ஊர்ப் பூங்காவில் அரை நாள்

இப்போது கப்பன் பார்க் அல்லது உங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் போய் நாலைந்து மணி நேரம் இருங்கள். கூடாரம் வேண்டாம், அடுப்பும் கூடாது. வாசல் பலகையில் எதெதைத் தடுத்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு உள்ளே போங்கள்.

ஒரே ஒரு விதி: பையில் கொண்டுபோனதை வைத்தே சமாளிக்க வேண்டும். வெளியே போய் எதையும் வாங்கக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட.

இந்த விதி எதற்கென்றால், ஊருக்குள் நமக்குப் பத்தடிக்கு ஒரு கடை. என்ன மறந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். கடையை எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் வெளியே வரும். குழந்தைக்கு மாற்றுத்துணி இல்லை, கை துடைக்கத் துண்டு இல்லை, மாத்திரை வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. மறந்ததை அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள். உங்கள் சாமான் பட்டியலில் பாதி அதுதான். இணையத்தில் கிடைக்கும் நூறு பொருள் பட்டியலைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

6. மொட்டை மாடியில் ஓர் இரவு

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். வெட்கம் ஒரு காரணம். என் மாமியார் முதல் நாள் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "வீட்ல மூணு கட்டில் இருக்கையில மொட்ட மாடில என்ன மாப்ள வேண்டுதலா?"

கூடாரத்தை வாடகைக்கோ கடனுக்கோ வாங்குங்கள். பகலில் ஒரு தடவையும், இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவையும் அடித்துப் பாருங்கள். பகலில் இருபது நிமிஷம் ஆகிற வேலை இருட்டில் முக்கால் மணி ஆகும். இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள்தான் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர அவசரப்படுவார்கள்.

சிமெண்டுத் தரையில் முளை இறங்காது. நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய கேன் வைத்து இழுகயிற்றை அதில் கட்டுங்கள். கயிற்றைக் கட்டாமலே விடுவதுதான் பெரும் தப்பு. கூடாரம் கயிறு இல்லாமலும் நிற்கும், அதனால் கயிறு அலங்காரத்துக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். கயிறு இழுத்துப் பிடித்தால்தான் மழைத்துணி, அதாவது கூடாரத்தின்மேல் போர்த்தும் வெளித்துணி, உள்துணியிலிருந்து நாலு விரற்கடை விலகி நிற்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஒட்டிய இடத்தில் ஈரம் உள்ளே இறங்கும்.

எங்கள் ஒத்திகையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தூறல். என் மகன் பக்கத்தில் மட்டும் போர்வை நனைந்தது. காலையில் பார்த்தால், கூடாரத்துக்கு அடியில் விரித்த தார்ப்பாய் ஒரு பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே விழுந்த மழை வழிந்து அந்த நீட்டத்தில் தேங்கி, தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஓடி, நேராக அவன் முதுகுக்கு அடியில் போயிருக்கிறது. பெரிய தார்ப்பாய் நல்லது என்று நான்தான் வாங்கியிருந்தேன். அடியில் விரிப்பது கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மடித்துவிட வேண்டும். காட்டுக்குள் போய்க் கற்றுக்கொள்ளாமல் மாடிப்படி பக்கத்தில் இருக்கும்போதே கற்றோமே, அது லாபம்.

இன்னொன்றும் மாடியில்தான் தெரியும். மழையே இல்லாத நாளிலும் காலையில் உள்பக்கம் ஈரமாக இருக்கும். கூடாரம் ஒழுகவில்லை. உள்ளே படுத்தவர்களின் மூச்சுக்காற்று குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருகிறதே என்று காற்றுத்துளைகளை மூடினால் இன்னும் மோசமாகும்.

7. இப்போது வாங்கலாம்

கூடாரத்தில் "நாலு பேர்" என்று போட்டிருந்தால் அது நாலு பேர் மத்தி மீன் டப்பா மாதிரி அடுக்கிப் படுத்த கணக்கு. பையும் வைக்க வேண்டுமென்றால் இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை. மழைத்துணி தரை வரை இறங்குகிறதா, தையலின் உள்பக்கம் நாடா ஒட்டியிருக்கிறதா, இரண்டு பக்கம் காற்றுத்துளை உண்டா என்ற மூன்றையும் கடையிலேயே விரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவர்கள் வாங்கவே வேண்டாம், வாடகை போதும்.

கூடாரத்தைவிட அடியில் விரிப்பது முக்கியம். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கோரைப்பாய், அதன்மேல் யோகா மேட், அதன்மேல் ஒரு ஜமுக்காளம். ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் இதை வைத்தே எங்கள் வீட்டில் நாலு குளிர்காலம் ஓடிவிட்டது.

விளக்கு கையில் பிடிப்பது வேண்டாம், தலையில் மாட்டுவது வாங்குங்கள். இருட்டில் இரண்டு கையும் வேண்டியிருக்கும். தார்ப்பாய், கயிறு, கூடுதல் முளைகள் எல்லாம் கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளிலேயே கிடைக்கும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளை இங்குள்ள சரளை மண்ணில் முதல் அடியிலேயே வளைந்துவிடும். இரும்பு முளை பத்தும் ஒரு சின்னச் சுத்தியலும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

8. தண்ணீர், சாப்பாடு

குடிக்க, சமைக்க, பல் தேய்க்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். எட்டுப் பேர் என்றால் 40 லிட்டர், அதாவது வீட்டில் போடும் 20 லிட்டர் கேன் இரண்டு. மூன்றாவதாக ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். பம்பு மறக்க வேண்டாம். நிறைந்த கேனை இருட்டில் சாய்த்து டம்ளரில் ஊற்றினால் பாதி மண்ணுக்குத்தான். பாத்திரம் கழுவ அங்குள்ள தண்ணீர் போதும்.

முதல் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே செய்துவிடுங்கள். வந்து சேர்ந்த அன்று எல்லாரும் களைத்திருப்பார்கள், கூடார வேலை இழுக்கும், இருட்டிவிடும், பிள்ளைகள் பசி என்பார்கள். அந்த நேரத்தில் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தால் சண்டைதான் வரும். புளியோதரை கட்டுங்கள். காலையில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால் ராத்திரிக்கு இன்னும் ருசி கூடியிருக்கும். தயிர்சாதம் வண்டிச் சூட்டில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். ஆசை விடாதென்றால் பால் சாதமாகக் குழைத்து உறைக்கு ஒரு கரண்டி தயிர் விட்டு எடுத்து வாருங்கள், ராத்திரிக்குப் பதமாக இருக்கும்.

காலைக்கு உப்புமா. அதிலும் பாதி வேலை வீட்டிலேயே முடியும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, ரவையையும் அதிலேயே வறுத்து, உப்புப் போட்டு ஆறவைத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். அங்கே தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிக் கிளறினால் ஏழு நிமிஷம். டப்பாமேல் எத்தனை டம்ளர் தண்ணீர் என்று எழுதி ஒட்டுங்கள், அளவு உங்களுக்குத் தெரியும், ஆனால் அங்கே கிளறப்போவது உங்கள் மச்சினனாக இருக்கலாம். டிக்காஷனும் வீட்டிலேயே போட்டு பாட்டிலில் வந்துவிடட்டும்.

வாழைப்பழம், பலாச்சுளை, கரும்பு மூன்றும் யானை நடமாடும் பக்கம் வேண்டவே வேண்டாம். காவிரி ஓரமும் பன்னேர்கட்டாவைச் சுற்றியும் அது யானைக் காடு. குரங்குக்கோ பழம்கூட வேண்டாம், பாலிதீன் கவர் சரசரத்தாலே போதும். எல்லாவற்றையும் மூடி இறுக்கிய எவர்சில்வர் தூக்கில் வையுங்கள்.

அடுப்பைத் திறந்த வெளியில் மட்டுமே பற்றவையுங்கள். மழை வந்துவிட்டதே என்று கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பையோ கரியடுப்பையோ கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். குளிருக்குக் கணப்புச் சட்டியை உள்ளே வைப்பதும் அதே ஆபத்துதான்.

9. வண்டியில் அடுக்கும் வரிசை

கடைசியில் தேவைப்படுவது முதலில் உள்ளே போக வேண்டும். படுக்கை அடியில், சாப்பாடு நடுவில், கூடாரமும் தார்ப்பாயும் சுத்தியலும் எல்லாவற்றுக்கும் மேலே. இறங்கியதும் முதலில் எடுப்பது அவைதான். மருந்துப் பெட்டி டிக்கியில் வேண்டாம், முன் சீட்டுக்குக் கீழே இருக்கட்டும்.

கிளம்பும் முன் கூடாரப் பையைத் திறந்து கம்பிகளை எண்ணுங்கள். மாடியில் காயப்போட்டபோது கம்பிப் பையைத் துளசி மாடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அன்று ராத்திரி மூன்று பேர் காரில் தூங்கினார்கள்.

10. போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

மாலை நாலு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும்.

இறங்கியதும் செல்ஃபி, டீ, கிரிக்கெட் என்று சிதறுவார்கள். விடாதீர்கள். முதலில் இடத்தைச் சுற்றி ஒரு நடை. தலைக்கு மேலே பாருங்கள்: தென்னைக்கு அடியில் கூடாரம் வேண்டாம், இந்தப் பக்கத்துத் தோப்புகளில் பச்சைமட்டை ஒன்று விழுந்தால் கம்பி முறியும், தேங்காய் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. பாறை இடுக்கிலோ உயர்ந்த கிளையிலோ மலைத்தேன் அடை தொங்கினால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அங்கே புகையும் போடாதீர்கள். கீழே பாருங்கள்: புற்று, எறும்புச் சாரி, காய்ந்த ஓடை. ஓடை மணல் மெத்தென்று இருக்கும், படுக்க ஆசையாக இருக்கும். மேலே எங்கோ பெய்த மழை அந்த வழியாகத்தான் வரும்.

இடம் முடிவானதும் கல் பொறுக்கிவிட்டுத் தார்ப்பாய், அதன்மேல் கூடாரம். லேசான சரிவானால் தலை மேட்டுப் பக்கம். வாசல், காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கம். முளையை நெட்டுக்குத்தாக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாயும்படி அடியுங்கள், கயிறு இழுக்க இழுக்க மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கூடாரத்துக்குப் பிறகு படுக்கை. டீ அதற்கப்புறம். வெளிச்சம் இருக்கும்போதே படுக்கையை விரித்துத் தலைவிளக்கைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பைப் போட்டுவிட்டால், பிறகு எவ்வளவு நேரம் அரட்டை அடித்தாலும் கவலையில்லை.

கழிப்பறை இல்லாத இடமானால் அதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி ஒரு சாண் ஆழக் குழி, பக்கத்தில் மண், களைக்கொத்தி, ஒரு குடம் தண்ணீர். பெண்களிடமும் பாட்டிகளிடமும் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இருட்டிய பிறகு யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

11. ராத்திரி

நெருப்புக்கு அனுமதி இருந்தால் மட்டும் மூட்டுங்கள். சுற்றிலும் காய்ந்த புல்லைச் செதுக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, சின்னதாக. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, திரும்பவும் ஊற்றி, சாம்பல்மேல் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

பாட்டு வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரர்களும் தூங்க வேண்டும். சத்தம் இல்லாவிட்டால்தான் என்ன நடமாடுகிறது என்பதும் காதில் விழும்.

கூடாரத்து ஜிப்பை முழுசாக மூடுங்கள், உள்ளே போய்விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் திரிகிற பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது அதன் வழக்கம். கடித்த இடத்தில் வலி சில சமயம் தெரியவே தெரியாது. மூடிய ஜிப் ஒன்றுதான் கொசுவலையும் காவலும். செருப்பையும் ஷூவையும் உள்ளே எடுத்து வையுங்கள், காலையில் உதறிவிட்டுப் போடுங்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் அசையாமல் படுக்கவைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆம்புலன்சுக்கு 108, பொது அவசரத்துக்கு 112. சிக்னல் இல்லாத இடமென்றால் போன் எந்த மேட்டில் எடுக்கிறது என்று சாயங்காலமே ஒருவர் நடந்து பார்த்துவிட்டு வரட்டும். ஒரு கார் கிளம்பும் திசையில் திருப்பி நிற்கட்டும், சாவி எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று மணிவாக்கில் எல்லாருக்கும் விழிப்பு வரும். சருகு சரசரக்கும், ஏதோ கூவும். முக்கால்வாசி நேரம் அது தோட்டத்து நாய். யானை வரும் இடமென்றால் மட்டும் எட்டிப் பார்க்க வெளியே போகாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். முகாம் ஆளைக் கூப்பிடுங்கள்.

12. கிளம்பும் காலை, அப்புறம் வீடு

கூடாரம் பனியில் நனைந்திருக்கும். வெயில் ஏறும் வரை மடிக்க வேண்டாம், முதலில் சமையல், பிறகு பாத்திரம், படுக்கை. கூடாரத்தைக் கடைசியாக மடியுங்கள். முளைகளை எண்ணி எடுங்கள். மண்ணில் விட்டுவந்த ஒரு முளை அடுத்து வரும் பிள்ளையின் காலில் ஏறும்.

குப்பைக்கு இரண்டு சாக்கு. கறிவேப்பிலை, முட்டை ஓடுகூட அங்கே போடக் கூடாது, குரங்கையும் நாயையும் அது அந்த இடத்துக்குப் பழக்கிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பச்சைக் குப்பையில் போடுங்கள். எல்லாரும் வரிசையாக நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூனும் ஒரு குழந்தை சாக்ஸும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்தால் களைப்பு, திங்கட்கிழமை ஆபீஸ். கூடாரப் பை பரண்மேல் ஏறிவிடும். ஈரத்தோடு ஏறினால் இரண்டு வாரத்தில் கரும்புள்ளி பூத்து, அந்தப் பூஞ்சண வாசனை அப்புறம் போகவே போகாது. அன்று சாயங்காலமே மாடியில் கொடிக்கயிற்றில் போடுங்கள். உள்துணி, மழைத்துணி, தார்ப்பாய் மூன்றும் தனித்தனியாக. கம்பிப் பையைத் துளசி மாடத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள்.